வெளிச்சம் எங்கிருந்து வருது?

எந்த லைப்ரரியிலும் ஒரு ரகசியம் உண்டு, கவனிச்சிருக்கீங்களா? சில புத்தகங்களை மேஜை மேல சும்மா வெச்சாலே போதும், தானா ஒரு பக்கத்தில் திறந்துக்கும். ஊரே அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்திருக்குனு அர்த்தம். வருஷக்கணக்கா ஒரே இடத்தில் விரிச்சு விரிச்சு, பைண்டிங்கே அங்கே விட்டுப் போயிருக்கும்.

போன மாசம் என்கிட்டே சிக்கினது மேற்கத்திய ஓவிய வரலாறு பற்றின ஒரு தடி இங்கிலீஷ் புத்தகம். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தேடிப் போன ஷெல்ஃபில் இது எப்படி வந்துச்சுனு கேட்காதீங்க. அந்த லைப்ரரியில் எல்லாமே அப்படித்தான்.) மேஜை மேல வெச்சேன். டபக்குனு 112-ம் பக்கம் திறந்துச்சு. கடல் அலை மேல ஒரு பெண், உடம்பில் ஒட்டுத் துணி இல்லாம, தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிற மாதிரி படுத்திருக்கா. தலைக்கு மேல குட்டிக் குட்டியா இறக்கை வெச்ச பொடியன்கள். அதெல்லாம்கூட ஓகே. யாரோ ஒரு புண்ணியவான் நீல நிற பால்பாயின்ட் பேனாவால் அவளுக்கு ஒரு ப்ளவுஸ் தெச்சுப் போட்டிருந்தார்! அதுவும் முக்கால் கை வெச்ச ப்ளவுஸ்!

சிரிப்பு வந்துச்சு. அடுத்த செகண்டே சுத்திமுத்தி பார்த்துட்டுப் படக்குனு மூடிட்டேன். அப்புறம்தான், 'நான் ஏன் மூடினேன்?'னு எனக்கே குழப்பம். அந்தக் குழப்பத்தோடயே கார்டில் என்ட்ரி போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். ரூம்மேட் பார்த்துட்டு, "ஏய், என்னடி புக்கு இது? வார்டன் மேம் பார்த்தா செத்தே!"ன்னா. சொல்லிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தா, அது வேற விஷயம்.

ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்ததில் ஒண்ணு கண்டுபிடிச்சோம். அந்த பேனா ப்ளவுஸ் ஏன் அவ்வளவு காமெடியா இருக்கு தெரியுமா? அதுக்கு நிழல் இல்லை. தோள்பட்டையில் மேடு இருக்கு, இடுப்பில் வளைவு இருக்கு. ப்ளவுஸ் மட்டும் பேப்பரில் வெட்டி ஒட்டின மாதிரி தட்டையா இருக்கு. படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருதுனு அந்த பேனாக்காரர் பார்க்கவே இல்லை.

ஸோ, இந்த வாரம் நாம பேசப் போற மேட்டர் வெளிச்சம். 'மேட்டர்'னதும் நிமிர்ந்து உட்கார்ந்த மகான்கள் கொஞ்சம் சாஞ்சுக்கலாம்.

அந்த 112-ம் பக்கத்துப் படம் பிரான்ஸ் ஓவியர் அலெக்சாந்தர் கபனெல் வரைஞ்ச 'வீனஸின் பிறப்பு'. 1863-ல் பாரீஸில் அரசு ஆதரவோட நடந்த 'சலோன்' கண்காட்சியில் வெச்சாங்க. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலை கொடுத்து வாங்கினார். செம ஹிட்! அந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருதுனு தேடிப் பாருங்க, சிக்காது. எல்லாப் பக்கமிருந்தும் வருது. மேல, கீழ, தண்ணிக்குள்ளேருந்து... பால் ஊத்தி வெச்ச மாதிரி ஒரே சீரான வெளிச்சம். அக்குளில் நிழல் இல்லை, முழங்காலில் கருப்பில்லை, ஒரு மச்சம்கூட இல்லை. எழுத்தாளர் எமிலி ஜோலா அதைப் பார்த்துட்டு, வெள்ளையும் ரோஸுமா பிசைஞ்ச பாதாம் மாவு மிட்டாய்னு கிண்டல் பண்ணியிருக்கார்.

எனக்கு இது ரொம்ப நல்லாத் தெரிஞ்ச வெளிச்சம். உங்களுக்கும் தெரியும். காலேஜ் அட்மிஷனுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க அம்மாவோட ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். எடுத்து முடிச்சு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தவர், "பாப்பாவுக்கு கலர் கொஞ்சம் ஏத்திடவாக்கா?"னு கேட்டார். என்கிட்டே இல்லை, அம்மாகிட்டே! அம்மாவும், "ஏத்துங்க தம்பி, நல்லா ஏத்துங்க"ன்னாங்க. வந்த போட்டோவில் முகம் ஒரு மாநிலம், கழுத்து வேற மாநிலம். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த நிழலையும் சேர்த்து வெளுத்ததில் மூக்கே காணாமப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் என் ஐ.டி. கார்டில் மூக்கில்லாமத்தான் திரியறேன். அந்த அண்ணனும் கபனெலும் பண்ணினது ஒரே வேலைதான். நிழல்னா அழுக்குனு நெனைச்சு துடைச்சிட்டாங்க.

ஆனா மனுஷத் தோல் அப்படிப்பட்ட பொருள் இல்லை. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சை விரல் நுனியில் அடியிலிருந்து அழுத்திப் பிடிங்க. விரல் சிவப்பா ஒளிருதா? தோல் சுவர் மாதிரி இல்லை. சுவரில் பட்ட வெளிச்சம் பட்ட இடத்திலேயே திரும்பிடும். தோலில் பட்டது கொஞ்சம் உள்ளே போய், அங்கேயும் இங்கேயும் முட்டி மோதி, பட்ட இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ வெளியே வரும். நீலம் சீக்கிரம் உள்ளேயே மாட்டிக்கும், சிவப்பு ரொம்ப தூரம் போகும். அதனாலதான் காது மடலுக்குப் பின்னாடி சூரியன் இருந்தா காது செவசெவனு தெரியுது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆசாமிகள் இதைச் சரியாக் கணக்குப் போட ரொம்ப வருஷம் திண்டாடினாங்க. 2001-ல் ஹென்ரிக் வான் ஜென்சனும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிச்சு பேப்பர் போட்டாங்க. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரில் செஞ்ச மனுஷங்க எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தாங்க. அந்த வேலைக்காக 2004-ல் ஜென்சன் உட்பட மூணு பேருக்கு தொழில்நுட்ப ஆஸ்கர் கிடைச்சுது.

ஓவியர்களுக்கு இந்தக் கணக்கு நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். ஃபார்முலாவா இல்லை, கைப்பழக்கமா. அடியில் ஒரு நிறம், அது காய்ஞ்ச பிறகு மேல எண்ணெய் நிறைய கலந்த மெல்லிசு பூச்சு, அதுக்கு மேல இன்னொண்ணு. வெளிச்சம் உள்ளே போய் அடி நிறத்தில் முட்டித் திரும்பும். நரம்பு நீலமாத் தெரியணும்னா நீலத்தைத் தொடவே வேணாம். சூடான நிறத்துக்குப் பக்கத்தில் சாம்பலை லேசா இழுத்தாப் போதும், கண்ணே அதை நீலம்னு நம்பிடும்.

அப்புறம் வெள்ளை. இதைச் சொல்லாம போனா எந்த கெமிஸ்ட்ரி லேபும் என்னை மன்னிக்காது. அந்தக் காலத்தில் உடம்பு வரையற ஓவியருக்கு எல்லாமே ஈய வெள்ளைதான். அதைத் தயாரிச்ச விதத்தைக் கேளுங்க. ஈயத் தகட்டைச் சுருட்டி, அடியில் வினிகர் ஊத்தின மண் ஜாடியில் வெச்சு, ஜாடிகளை வரிசையா அடுக்கி, சுத்தி குதிரைச் சாணத்தைப் போட்டு மூடி மாசக்கணக்கில் விட்டுடுவாங்க. சாணம் சூட்டையும் கார்பன் டை ஆக்ஸைடையும் கொடுக்கும், வினிகர் ஈயத்தை அரிக்கும். திறந்து பார்த்தா தகட்டு மேல வெள்ளையா செதில் செதிலா பூத்திருக்கும். அதைச் சுரண்டி, அரைச்சு, ஆளி விதை எண்ணெயில் குழைச்சா, உலகத்து அழகிகளோட தோல் ரெடி. விஷம்! அரைச்சவங்க வயித்து வலியிலும் கை கால் விளங்காமலும் கஷ்டப்பட்டாங்க. ஏன் இவ்வளவு பாடு? சாக்கட்டித் தூள் வெள்ளைதானேனு கேட்கலாம். எண்ணெயோட ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1.48, சாக்கட்டித் தூளோடதும் அதுக்குப் பக்கத்தில்தான். ரெண்டையும் கலந்தா நனைஞ்ச வேட்டி மாதிரி கண்ணாடியாயிடும். ஈய வெள்ளைக்கு 2 கிட்ட வரும். எண்ணெயில் முங்கினாலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். (ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் பிசிக்ஸ் ஒரு நாள் இப்படி உதவும்னு சத்தியமா நெனைக்கலை.)

இந்த வெள்ளையை வெச்சு ஒரு மனுஷன் என்ன செஞ்சார்னு பார்க்க, புத்தகத்தில் பின்னாடி போகணும். 1654. ரெம்ப்ராண்ட். 'குளியலறையில் பத்சேபாள்'. பாரீஸ் லூவரில் இருக்கிற படம், 142 செ.மீ.க்கு 142 செ.மீ. சதுரம்.

கதை பைபிளில் வர்றது. தாவீது ராஜா மாடியில் உலாத்தும்போது ஒருத்தி குளிக்கிறதைப் பார்த்துடறார். இன்னொருத்தன் மனைவி. ஆள் அனுப்பிக் கூப்பிடறார். பின்னாடி அவ புருஷனைப் போர்முனைக்கு அனுப்பிச் சாகடிக்கிறார். இந்தக் கதையை நிறைய பேர் வரைஞ்சிருக்காங்க. பெரும்பாலும் மாடியில் ராஜா, கீழே குளிக்கிற அழகினு இருக்கும். ரெம்ப்ராண்ட் படத்தில் ராஜாவே இல்லை. அவ கையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கு. படிச்சு முடிச்சுட்டா. கீழே ஒரு வயசான வேலைக்காரம்மா எதுவும் தெரியாம அவ காலைத் துடைச்சிட்டிருக்காங்க. அவ தலை கொஞ்சம் குனிஞ்சிருக்கு. முதலில் தலையை நிமிர்த்தி வரைஞ்சிருந்தார், அப்புறம் மாத்தியிருக்கார்னு எக்ஸ்-ரே எடுத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த ஒரு சாய்வில்தான் மொத்தப் படமும் நிக்குது. போனாலும் பாவம், போகலைன்னாலும் ஆபத்து. ராஜா கூப்பிடறார்!

இப்போ வெளிச்சத்தைப் பாருங்க. பின்னணி முழுக்க பழுப்பும் கருப்பும். உடம்பு மேல மட்டும் வெளிச்சம் வந்து உட்காருது. கபனெல் வீனஸ் மாதிரி வழுக்கிட்டுப் போகலை. வயித்தில் மடிப்பு இருக்கு, மடிப்புக்குள்ளே நிழல் இருக்கு. தோள் ஒரு நிறம், தொடை ஒரு நிறம். வெளிச்சம் அதிகமா விழற இடத்தில் ஈய வெள்ளையைக் கெட்டியா அப்பியிருக்கார். அந்த இடமே மேடா நிக்கும். கரன்ட் போன ராத்திரி மெழுகுவத்திக்குப் பக்கத்தில் உங்க கையை வெச்சுப் பாருங்க. ஒரு அடி தூரத்தில் இருக்கிற கைக்கும் மூணு அடி தள்ளி இருக்கிற பாதத்துக்கும் வெளிச்சத்தில் ஒன்பது மடங்கு வித்தியாசம். இதுவும் நீங்க படிச்ச விதிதான். அந்தக் கை அப்போ எவ்வளவு கனமாத் தெரியும்! அந்தக் கனம்தான் இந்தப் படத்தில் இருக்கு. பார்க்கிறவனுக்காக அவ உடம்பைக் காட்டலை. அவ உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கா, நாம நுழைஞ்சுட்டோம். என் ரூம்மேட் இந்தப் பக்கத்தில்தான் குரலைத் தணிச்சா. "பாவம்டி"ன்னா.

மாடலா உட்கார்ந்தது ரெம்ப்ராண்ட் வீட்டில் இருந்த ஹென்ட்ரிக்யே ஸ்டோஃபெல்ஸ்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் நெனைக்கிறாங்க. வீட்டு வேலைக்கு வந்தவங்க, அப்புறம் கல்யாணம் ஆகாமலே அவரோட வாழ்ந்தவங்க. அதே 1654-ல் சர்ச் சபை அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சு, நற்கருணை வாங்கக் கூடாதுனு தடை போட்டுது. அக்டோபரில் குழந்தை கொர்னேலியா பிறந்தா. ஆண்டு ஒண்ணுதான். அந்தக் கையில் இருக்கிற கடிதத்தை நான் வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சுட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ரெம்ப்ராண்டை இதுக்காகவே திட்டினவங்களும் உண்டு. ஆந்த்ரீஸ் பெல்ஸ்னு ஒரு கவிஞர், 1681-ல், இந்த ஆள் கிரேக்க வீனஸை விட்டுட்டு சலவைக்காரியைப் பிடிச்சு உட்கார வெச்சார்னு புகார் வாசிச்சார். தொங்கின மார்பு, நாடா இறுக்கிக் கட்டின தடம் வயித்தில், சாக்ஸ் பட்டி கட்டின தடம் காலில்... இதையெல்லாமா வரைவாங்கனு கோபம்! தடம் இருந்தா வரையத்தானே செய்வாங்க? நாள் பூரா உடுத்தின சுடிதாரை அவிழ்த்தா நாடா தடம் நம்ம இடுப்பிலும்தான் இருக்கு.

சரி, மறுபடி 112-க்கு வருவோம். அதைத் திருப்பினா 114-ல் இன்னொரு பெண். எடுவார் மானே வரைஞ்ச 'ஒலிம்பியா'. கபனெல் வீனஸ் வெளியான அதே 1863-ல் வரைஞ்சது, 1865 சலோனில் வெச்சது. அதில் நான் ஒரு அதிசயம் பார்த்தேன். நம்ம பேனாக்காரர் அவளைத் தொடவே இல்லை!

ப்ளவுஸ் இல்லை, கிறுக்கல் இல்லை, மீசைகூட இல்லை. இத்தனைக்கும் இவளும் அதே கோலம்தான். கழுத்தில் கருப்பு ரிப்பன், கையில் ஒரு காப்பு, தலையில் பூ, காலில் செருப்பு. மத்தபடி ஒண்ணுமில்லை. ஏன் விட்டுட்டார்? நானும் ரூம்மேட்டும் வாதாடினதில் கிடைச்ச விடை: அவ பார்க்கிறா. 112-ம் பக்கத்து வீனஸ் கண்ணைப் பாதி மூடி, கையால மறைச்சு, 'நீங்க பார்த்துக்கோங்க, எனக்குத் தெரியாது'ங்கற மாதிரி படுத்திருக்கா. ஒலிம்பியா நேரா நம்ம கண்ணைப் பார்க்கிறா. 'என்ன வேணும்?'னு கேட்கிற பார்வை. மகளிர் பஸ்ஸில் தெரியாம ஏறின பையனை மொத்த பஸ்ஸும் பார்க்குமே, கிட்டத்தட்ட அது. அவர் பேனாவை மூடிட்டுப் போயிருப்பார்.

1865-ல் பாரீஸ்காரங்களாலும் அதைத் தாங்க முடியலை. சிரிச்சாங்க, கத்தினாங்க. படத்தை யாரும் சேதப்படுத்திடாம இருக்க காவல் போட்டாங்க. கடைசியில், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கதவுக்கு மேல கொண்டு போய் மாட்டினாங்க. நிர்வாணமா அவங்களுக்குப் பிரச்னை? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே சலோனில் வீனஸை அரசரே வாங்கினாரே! புராணத்துப் பெண்ணா இருந்தா பரவாயில்லை. இவ சமகாலப் பெண். 'ஒலிம்பியா'ங்கறதே அப்போ பாரீஸில் விலைமாதர்கள் வெச்சுக்கிட்ட பேர். பூங்கொத்து யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பினது. அந்த வாடிக்கையாளர் இடத்தில்தான் நாம நிக்கிறோம். மானே இதை இத்தாலிய ஓவியர் திஷியனோட 'உர்பினோ வீனஸ்' படத்தைப் பார்த்து, அதே படுக்கை, அதே சாய்வோட வரைஞ்சார். அங்கே கால்மாட்டில் நாய்க்குட்டி சமத்தா தூங்கும். இங்கே கருப்புப் பூனை முதுகைத் தூக்கிட்டு நிக்குது.

ஆனா பத்திரிகைகள் ரொம்பத் திட்டினது அவ நிறத்தை. பிணம் மாதிரி இருக்கா, பிணவறையில் கிடக்கிற மாதிரி இருக்கானு எழுதினாங்க. இதுக்குக் காரணம் வெளிச்சம்தான். வழக்கமா ஓவியர் ஸ்டுடியோவில் ஜன்னல் ஒரு பக்கமா இருக்கும், அதுவும் வடக்குப் பக்கமா. ஐரோப்பாவில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, நாள் பூரா ஒரே மாதிரி வெளிச்சம். (நம்ம சென்னையில் இது பலிக்காது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான சூரியனே நமக்கு வடக்கே நிக்கும்.) பக்கவாட்டில் வர்ற வெளிச்சத்தில் உடம்பு மெள்ள மெள்ள வெளுப்பிலிருந்து நிழலுக்குப் போகும். அந்த நடுத்தர நிறங்களில்தான் உருண்டை வரும், மென்மை வரும். மானே வெளிச்சத்தைத் தூக்கி நேர் முன்னாடி வெச்சுட்டார். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோ மாதிரி. நடுத்தர நிறம் எல்லாம் அவுட். வெளுப்பு, ஓரத்தில் ஒரு மெல்லிய கருப்பு, அவ்வளவுதான். பளிச்சுனு, தட்டையா, மன்னிப்பே இல்லாம.

முன்னாடினா எங்கே? நாம நிக்கிற இடத்தில்! இதைச் சொன்னவர் பிரெஞ்சு சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ. 1971-ல் துனிஸ் நகரத்தில் மானே பற்றிப் பேசும்போது, இந்தப் படத்தில் வெளிச்சமும் நம்ம பார்வையும் ஒரே இடத்திலிருந்து போகுது, அவ நிர்வாணத்துக்கு நாமதான் பொறுப்பாளிங்கற மாதிரி ஒரு போடு போட்டார். படிச்சதும் எனக்கு லைப்ரரியில் படக்குனு புத்தகத்தை மூடினது ஞாபகம் வந்துச்சு. டார்ச் என் கையில் இருந்திருக்கு, நான் அவளைக் குத்தம் சொல்லியிருக்கேன்.

அந்தப் படத்தில் இன்னொருத்தி இருக்கா. பூங்கொத்தை நீட்டிட்டு நிக்கிற கருப்பினப் பணிப்பெண். லோர்னு பேர். மானேவோட நோட்டில் பேரும் விலாசமும் இருக்கு. வெளிச்சம் பூரா படுத்திருக்கிறவளுக்கே போயிட்டதால, இவ முகம் இருட்டுப் பின்னணியோட கரைஞ்சு போயிருக்கும். நூத்தைம்பது வருஷமா படத்தைப் பத்தி பக்கம் பக்கமா எழுதினவங்கள்ல நிறைய பேர் இவளைத் தாண்டிட்டாங்க. 2019-ல் பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகம் கருப்பின மாடல்கள் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினப்போ, கொஞ்ச நாளைக்கு இந்தப் படத்துக்கே 'லோர்'னு பேர் மாத்தி வெச்சாங்க. ஸ்டுடியோவில் மூக்கைப் பறிகொடுத்தவள்ங்கற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது.

ஒலிம்பியாவா படுத்தது விக்டோரின் மூரான். 1844-ல் பிறந்தவங்க. வரையும்போது பத்தொன்பது வயசு. நம்மள்ல பாதிப் பேரைவிடச் சின்னப் பொண்ணு! 'மாடல்தானே, அப்புறம் குடிச்சே செத்துட்டா'னு ரொம்ப காலம் புத்தகங்களில் எழுதி வெச்சிருந்தாங்க. பின்னாடி தேடினவங்களுக்குக் கிடைச்ச கதை வேற. அவங்களே ஓவியம் கத்துக்கிட்டு ஓவியரானாங்க. 1876 சலோனில் விக்டோரின் படத்தை எடுத்துக்கிட்டாங்க, அதே வருஷம் மானே அனுப்பினதைத் திருப்பிட்டாங்க! (இந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு.) 1883-ல் மானே இறந்தப்போ, அவர் கொடுக்கறதா சொல்லியிருந்த பணத்தை நினைவுபடுத்தி அவர் மனைவிக்கு விக்டோரின் ஒரு கடிதம் எழுதினாங்க. ஏழு வருஷம் கழிச்சு ஓவியர் மோனே நண்பர்கள்கிட்டே நிதி திரட்டி, கிட்டத்தட்ட இருபதாயிரம் ஃப்ராங்குக்கு 'ஒலிம்பியா'வை மானேவோட மனைவிகிட்டேருந்து வாங்கி அரசுக்குக் கொடுத்தார். விக்டோரின் 1927 வரைக்கும் உயிரோட இருந்தாங்க. அவங்க வரைஞ்ச படங்களில் கிடைச்சது ரொம்பக் கொஞ்சம். தன்னையே வரைஞ்ச ஒரு படத்தை 2021-ல்தான் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியிருக்கு. இன்னிக்கு 'ஒலிம்பியா'வும் கபனெல் வீனஸும் ஒரே ஓர்சே அருங்காட்சியகத்தில்தான் இருக்காங்க.

பெண் உடம்பை இத்தனை ஆண்கள் வரைஞ்சாங்களே, பெண்கள் வரையலையானு கேட்பீங்க. உள்ளே விட்டாத்தானே! லண்டன் ராயல் அகாடமி 1768-ல் தொடங்கினப்போ அதில் ரெண்டு பெண்கள் உறுப்பினர்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோஸர். உறுப்பினர்கள் எல்லாரும் கூடி மாடலைப் பார்த்து நிக்கிற மாதிரி யோஹன் ஸோஃபனி ஒரு குரூப் போட்டோ... ஸாரி, ஓவியம் வரைஞ்சார். அறையில் துணியில்லாத ஆண் மாடல் இருக்கிறதால பெண்களை உள்ளே நிறுத்த முடியாதாம். என்ன பண்ணினார் தெரியுமா? ரெண்டு பேரையும் சுவரில் மாட்டின படமா வரைஞ்சுட்டார்! சங்கத்துக்கு உறுப்பினர், சுவத்துக்கு போட்டோ. பாரீஸ் எக்கோல் தெ போஸார், பெண் மாணவிகளைச் சேர்த்ததே 1897-லதான்.

அதுக்கப்புறம் முப்பது வருஷம் கழிச்சு அங்கே போய்ச் சேர்ந்தா நம்மூர் பொண்ணு ஒருத்தி. அம்ரிதா ஷெர்-கில். அப்பா பஞ்சாபி, அம்மா ஹங்கேரி. 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பதினாறு வயசில் பாரீஸ் போனவங்க. 1933-ல் 'தூக்கம்'னு ஒரு படம் வரைஞ்சாங்க. அப்போ வயசு இருபது. நான் இருபது வயசில் ரெண்டு அரியர் க்ளியர் பண்ணியிருக்கேன், அதோட நிறுத்திக்கிறேன்.

படத்தில் தூங்கறது சொந்தத் தங்கை இந்திரா. மேலிருந்து பார்க்கிற கோணம், குறுக்கே சாய்ஞ்சு கிடக்கிற உடம்பு, ஒரு பக்கம் விரிஞ்ச கூந்தல். நிர்வாணம்தான், ஆனா அதைப் பார்க்கும்போது சுத்திமுத்தி யாரும் இருக்காங்களானு தேடத் தோணலை. தங்கச்சி தூங்கறா, அக்கா பார்க்கிறா. கரன்ட் இல்லாத மே மாசத்து மத்தியானம் நம்ம வீட்டில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தோட சேகரிப்பில் இருக்கிற படம். ஐ.வி.னு சொல்லி டெல்லி போறவங்க தாஜ்மகால், சரோஜினி நகர் மார்க்கெட்டோட நிறுத்திக்காம ஜெய்ப்பூர் ஹவுஸ் பக்கமும் தலை காட்டுங்க.

மாநிறத்தை அவங்க எப்படி வரையறாங்கனு பாருங்க. தோல் கருக்கக் கருக்க, உள்ளே போன வெளிச்சத்தை மெலனின் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா தோலோட மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற பளபளப்பு அப்படியேதான் இருக்கும். அதனால மாநிறத்து மேல பளபளப்பு இன்னும் எடுப்பாத் தெரியும். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க உட்கார்ந்த யாரோட தோளையும் பாருங்க, ஜன்னலோட வடிவமே அதில் தெரியும். ஸ்டுடியோ அண்ணன்கள் 'கலர் ஏத்தி' அழிக்கிறது இதைத்தான்.

அடுத்த வருஷம் 1934-ல் அம்ரிதா இன்னொரு படம் வரைஞ்சாங்க. 'தாஹிதிப் பெண்ணாக என் உருவம்'. பிரெஞ்சு ஓவியர் கோகன் தாஹிதித் தீவுக்குப் போய் அங்கத்துப் பெண்களை வரைஞ்சு புகழ் பெற்றவர். ஐரோப்பிய ஆண்கள் பார்த்து ரசிச்ச அந்த மாநிறப் பெண்ணோட இடத்தில், அம்ரிதா தன்னையே நிறுத்திக்கிட்டாங்க. இடுப்புக்கு மேல உடை இல்லை. கை ரெண்டும் கீழே கட்டியிருக்கு. பார்வை நம்ம மேல இல்லை, எங்கேயோ போகுது. அவங்களுக்குப் பின்னாடி ஒரு நிழல் விழுந்திருக்கு. அவங்க நிழல் இல்லை, ஒரு ஆணோட நிழல். ஆள் படத்துக்குள்ளே எங்கேயும் இல்லை. முன்னாடி யாராவது நின்னாத்தான் பின்னாடி அப்படி நிழல் விழும்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது ரூம்மேட்டோட லேப்டாப்பில். ட்யூப்லைட் எங்க முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு. எங்க ரெண்டு பேர் தலையோட நிழலும் ஸ்க்ரீன் மேலேயே விழுந்துட்டிருந்துச்சு. அவதான் முதலில் கவனிச்சா. எழுந்து போய் ட்யூப்லைட்டை அணைச்சுட்டு வந்து மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தா.

புத்தகத்தை வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்கணும். ஃபைன் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்தான், இருந்தாலும் கொடுத்துடுவேன். ப்ளவுஸை அழிக்கப் பார்த்தேன், பால்பாயின்ட் மை போகலை. அடுத்து எடுக்கப் போறவங்களுக்கு ஒரு தகவல்: புத்தகம் தானா 112-ல்தான் திறக்கும். ரெண்டு பக்கம் தள்ளித் திருப்பினா அவ பார்த்துட்டே இருப்பா.